தபாலில் ஆடிய ஆட்டம்

விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு இத்தகைய ஏட்டின் பக்கங்களைக் கேட்பது வாசக நண்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். உப்பளத்தில் நாட்கூலிக்கு நிற்பவனுக்கும், வெங்காயப் பாத்திக்கு நீர் சுமப்பவளுக்கும் நேரம் என்பது வயிற்றோடு பிணைந்த பொருள். அவர்கள் நடுவே வாழ்ந்துகொண்டு அறுபத்து நான்கு கட்டங்களைப் பற்றிப் பேசுவது ஆசிரியத் தொழில் தரும் சொகுசு என்று யாரேனும் கூறினால் நாங்கள் மறுக்கப்போவதில்லை. எனினும் நாங்கள் சொல்ல வந்த ஆட்டம் ஒரு மேசையில் ஒரு மாலைப் பொழுதில் ஆடி முடிந்ததன்று. அது தபாலிற் போய்த் தபாலில் வந்தது. ஐந்து ஆண்டுகள் நீடித்தது. அதன் நடுவே ஆடியவர் ஒருவரின் ஊரே பெயர்த்தெறியப்பட்டது.

கற்பிட்டிக் குடாநாட்டில், பாலாவிச் சந்தியிலிருந்து வடக்கே செல்லும் வீதியோரத்துப் பாடசாலை ஒன்றில் 1980களின் பிற்பகுதியில் நாங்கள் நால்வர் ஆசிரியராக இருந்தோம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே மணல். இருவர் அந்தக் குடாநாட்டிலேயே பிறந்தவர்கள். ஒருவர் உடப்பைச் சேர்ந்தவர். ஒருவர் இடமாற்றம் பெற்று வந்து, திரும்பிப் போக மனமின்றித் தங்கிவிட்டவர். எங்களிடம் ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. ஒட்டுப்பலகைத் துண்டில் தாரும் சுண்ணாம்பும் பூசி நாங்களே செய்தது. காய்கள் யாரோ கொழும்பில் வாங்கியவை. வெள்ளைக் கோட்டைகளில் ஒன்று எப்போதோ தொலைந்துபோனதால், அதன் இடத்தில் சுண்டுவிரலளவு சங்கு ஒன்றை வைத்திருந்தோம். மாணவர்கள் அந்தக் காயைச் சங்கு என்றே அழைப்பார்கள். வேறிடத்தில் உண்மையான கோட்டையைப் பார்த்த மாணவனொருவன், ‘இங்கே சங்குக்குப் பதிலாக இதையா வைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

நால்வரும் ஒருவரோடொருவர் ஆடி அலுத்துவிட்ட காலத்தில், மன்னார்ப் பக்கம் மாறிச் சென்றிருந்த பழைய சக ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு ஒரு முகவரியை எழுதியனுப்பினார். எருக்கலம்பிட்டியில் ஓர் ஆசிரியர் இருக்கிறார், கணிதம் கற்பிக்கிறார், சதுரங்கத்திற் பித்துக் கொண்டவர், ஆட ஆளில்லாமல் தவிக்கிறார் என்பது செய்தி. 1988 சனவரியில் நாங்கள் வெள்ளைக் காய்களை எடுத்துக்கொண்டு முதல் அட்டையை அனுப்பினோம்.

தபாற் சதுரங்கத்தை அறியாதவர்க்காக அதன் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். இரு தரப்பாரும் தத்தம் இடத்தில் ஒவ்வொரு பலகையை அடுக்கி வைத்துக்கொள்வர். வெள்ளைக் காய்க்காரர் தமது நகர்த்தலை அட்டையில் எழுதி அனுப்புவார். அட்டை சேர்ந்ததும் மற்றவர் தம் பலகையில் அக்காயை நகர்த்தி, யோசித்து, மறுமொழி எழுதுவார். மொழி தெரியாதவரோடும் ஆடும் பொருட்டு, உலகத் தபாற் சதுரங்கக்காரர்கள் எழுத்தை விட்டு எண்ணைக் கைக்கொண்டார்கள். வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து நிரல்களுக்கு 1 முதல் 8. அதன் பக்கத்திலிருந்து மேல்நோக்கி நிரைகளுக்கும் 1 முதல் 8. அரசனுக்கு முன்னாலுள்ள காலாள் ஐந்தாம் நிரலில் இரண்டாம் நிரையில் நிற்பதால் அதன் இடம் 52. இரண்டு கட்டம் முன்னேறினால் 54. ஆகவே 5254 என்ற நான்கு இலக்கங்களே ஒரு நகர்த்தல். எங்கள் முதலாவது அட்டையில் முகவரியும் வணக்கமும் நீங்கலாக இருந்தது அவ்வளவுதான்.

பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள் என்பது உலகப் போட்டிகளில் நெடுங்காலம் வழங்கிய விதி. அட்டை வழியிற் கழிக்கும் நாள்கள் கணக்கிற் சேரா. கையில் வைத்து யோசிக்கும் நாள்களே கணக்கு. தபாற் கந்தோர் குத்தும் முத்திரையின் திகதியே கடிகாரம். நூல்களைப் புரட்டலாம், காய்களை நகர்த்திப் பார்க்கலாம். சிக்கனத்திற்கும் ஒரு வழி உண்டு. ‘நீர் இவ்வாறு ஆடினால் யாம் இவ்வாறு ஆடுவோம்’ என்று நிபந்தனையோடு அடுத்த நகர்த்தலையும் எழுதிவிடலாம். எதிரியும் அதே நினைப்பில் இருந்தால் இரண்டு மூன்று அட்டைகளின் செலவு மிஞ்சும். மாதக் கடைசியில் எங்கள் அட்டைகளில் இந்த ‘ஆடினால்’கள் மிகுந்திருக்கும் என்பதை எருக்கலம்பிட்டியார் விரைவிலேயே கண்டுகொண்டார். ‘சம்பளம் வந்ததும் நிதானமாக யோசியுங்கள்’ என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

தூரத்திலிருந்து ஆடும் இவ்வாட்டம் புதியதன்று. 1824இல் எடின்பரோச் சங்கத்தினரும் இலண்டன் சங்கத்தினரும் கடிதமூலம் ஆடத் தொடங்கி 1828 வரை ஆடினார்கள், எடின்பரோ வென்றது. அப்போட்டியில் ஆடப்பட்ட ஒரு தொடக்கமுறை இன்றும் ஸ்கொட்லாந்தின் பெயரால் வழங்குகிறது. அதே 1828இல் எங்கள் கடலுக்கு அக்கரையில் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே இரண்டு ஆட்டங்கள் தொடங்கின. இரண்டிலும் சென்னையே வென்றது. 1829இல் அவ்வாட்டங்களும் ஒரு தொடக்கமுறை பற்றிய ஆராய்ச்சியும் சென்னையில் நூலாக அச்சாயின. அந்நூலின் முகப்பில் இரு பெயர்கள் உள்ளன. ஒருவர் சென்னைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜேம்ஸ் கொக்ரேன். மற்றவர் சென்னையின் ஆட்டத்தை முதன்மையாக நடத்தியவர் என்ற குறிப்போடு முதலில் நிற்கும் குலாம் காசிம். கும்பனி ஆட்சியின் காலத்தில், வெள்ளைக்கார அதிகாரியின் பெயருக்கு முன்னே ஓர் இந்தியரின் பெயர் நிற்கும் நூல் அது. சதுரங்க நூல்களில் ஒரு தொடக்கமுறை இன்றும் குலாம் காசிமின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதைப் பாடசாலையில் ஒருமுறை கூறியபோது மாணவனொருவன், ‘சேர், அப்போது புகையிரதம் இருந்ததா?’ என்று கேட்டான். இருக்கவில்லை. தபாற் பையைத் தோளிற் சுமந்து, ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஓடி, அங்கு நிற்பவனிடம் கைமாற்றும் ஓட்டக்காரர்களே அக்காலத்தில் கடிதங்களைச் சுமந்தவர்கள். சென்னையின் குதிரையையும் ஐதராபாத்தின் மந்திரியையும் சுமந்து ஓடிய அக்கால்களுக்கு நூலின் முகப்பில் இடமில்லை. மாணவனின் கேள்வியால் எங்களுக்கு எங்கள் தபாற்காரரின் நினைவு வந்தது. சைக்கிளில் மணல் வழியே வரும் அவர், அட்டை திறந்த கடிதமாதலால், வரும் வழியிலேயே அதைப் படித்துவிடுவார். பாடசாலை வாயிலில் இறங்காமலே எண்ணை உரத்துக் கூவுவார். ஓய்வறைக்கு அட்டை வந்து சேருமுன் எங்களுள் ஒருவர் காயை நகர்த்தி முடித்திருப்பார். சதுரங்கம் அவருக்குத் தெரியாது. ஆயினும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “தாக்குறது நீங்களா, அவங்களா?”

கற்பிட்டியிலிருந்து மன்னாருக்குக் கடல் வழியே மீனவர் போய் வருவார்கள். தபாலோ தெற்கே கொழும்பு வரை போய், தலைமன்னார்ப் புகையிரதத்தில் ஏறி, நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வடக்கே சேரும். சிலபோது பன்னிரண்டு நாள், சிலபோது இருபது நாள். இந்தத் தாமதத்தில் ஓர் இன்பம் இருந்ததென்றால் வாசகர் நம்ப வேண்டும். எங்கள் நால்வருக்கும் ஒரு நகர்த்தலில் ஒருமைப்பாடு ஏற்படவே ஒரு வாரம் வேண்டும். உடப்பு நண்பருக்கு எப்போதும் தாக்க வேண்டும். இன்னொருவருக்கு எப்போதும் காக்க வேண்டும். பெரும்பான்மை வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்று, மணியடித்தும் வகுப்புக்குப் போகாமல் அதிபரிடம் பேச்சு வாங்கிய நாள்களும் உண்டு.

ஐந்தாம் நகர்த்தலில் எங்களுக்கு ஒரு பிழை நேர்ந்தது. அரசனைக் கோட்டையின் பக்கம் ஒதுக்கிக் காக்கும் நகர்த்தலை எழுத வேண்டியிருந்தது. அதற்கு எண் 5171. அட்டை எழுதியவர் அவசரத்தில் 5161 என்று எழுதிவிட்டார். அதுவும் விதிக்குட்பட்ட நகர்த்தலே. அரசன் ஒரு கட்டம் தள்ளி நின்று, அரணுக்குள் ஒதுங்கும் உரிமையை என்றைக்குமாக இழந்துவிடுவான். அட்டையில் எழுதியதே ஆட்டம் என்பது விதி. பிழையை நாங்கள் அறிந்தபோது அட்டை அனுராதபுரத்தையும் கடந்திருக்கும். மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது: ‘5161 என்று கண்டேன். இந்நேரத்தில் இதை ஆடுபவர்களானால் உங்களோடு ஆடி எனக்குப் பயனில்லை. 5171 என்றே கொண்டிருக்கிறேன். எனது நகர்த்தல் கீழே.’

அவரை நாங்கள் கண்டதில்லை. பச்சை மையில் எழுதும் சாய்ந்த கையெழுத்தையே அறிவோம். ஒவ்வோர் அட்டையிலும் எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கும். சோளகம் பிடித்துவிட்டது, மூத்த மகன் சாதாரண தரம் எழுதுகிறான், கிணற்றில் உப்பு ஏறுகிறது, இந்த வாரம் பாடசாலை மூன்று நாள் மட்டும். 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் வடக்கில் நடந்தவற்றைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. திறந்த அட்டையில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதை அக்காலத்தில் யாவரும் கற்றிருந்தோம்.

எழுதாத சொல் மட்டுமா ஐயத்துக்குரியது? எண்ணும் ஐயத்துக்குரியதே என்பதை 1989இல் அறிந்துகொண்டோம். தெற்கில் கிளர்ச்சியும் அதனை அடக்கிய கொடுமையும் உச்சத்திலிருந்த காலம். வீதியோரத்தில் எரியும் உடல்களைக் கண்ட காலம். ஒருநாள் சீருடையணிந்த மூவர் பாடசாலைக்கு வந்து, எங்கள் அட்டைகளுள் ஒன்றை மேசைமேல் வைத்தனர். ‘4534, ஆடினால் 2534’ என்று அதில் இருந்தது. இதற்குப் பொருள் என்ன, யார் ஆடினால், என்ன ஆடினால் என்று கேட்டார்கள். நாங்கள் பலகையைக் கொண்டுவந்து அடுக்கி, தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் அட்டையாக வாசித்து ஆட்டத்தை ஆடிக்காட்டினோம். கைகள் நடுங்கின. மூவருள் இளையவன் ஒருவனுக்குச் சதுரங்கம் தெரிந்திருந்தது. நடுவில் அவனே அட்டையை வாங்கி எண்ணைப் பார்த்துக் காய்களை நகர்த்தத் தொடங்கினான். முடிவில் பலகையை உற்றுப் பார்த்து, குதிரையால் ஒரு காலாளை வெட்டும்படி எங்களுக்குச் சிங்களத்தில் ஆலோசனை கூறினான். அவர்கள் போய்விட்டார்கள். அன்று மாலை அந்த ஆலோசனையை ஆராய்ந்தோம். அது தவறானது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பின்னர் வாசித்தோம்: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தணிக்கையாளர், வெளிநாட்டு அஞ்சலில் சதுரங்க நகர்த்தல்களை அனுப்புவதையே தடைசெய்திருந்தனராம். காரணம் ஒன்றே. நான்கு இலக்கத்திற்குள் ஒரு கப்பற்படை ஒளிந்திருக்கக்கூடும். போர் நடத்துவோர்க்கு மனிதர் இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் எதுவும் இரகசியக் குறியாகவே தோன்றும்.

1990 ஜூன் தொடக்கத்தில் எங்கள் இருபத்திரண்டாம் நகர்த்தலை அனுப்பினோம். 6476. குதிரையை எதிரியின் அரணுக்குள்ளேயே பாய்ச்சி, வெட்டுக் கொடுக்கும் நகர்த்தல். உடப்பு நண்பரின் இரண்டு ஆண்டுக் கனவு அது. ஏனைய மூவரும் களைத்துப்போய் இணங்கினோம். சில நாள்களில் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அது மீண்டும் ஓடியது 2015இல் என்பதை நினைத்துப் பாருங்கள். மறுமொழி வரவில்லை. பலகையைக் கலைக்காமல் அலுமாரியின் மேல் தூக்கி வைத்தோம்.

அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி பணித்தார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள் வள்ளங்களில் ஏற்றப்பட்டார்கள். அவ்வள்ளங்கள் வந்து சேர்ந்த கரை எங்கள் கற்பிட்டிக் கரை.

அக்காட்சியை விரித்தெழுத எங்களால் இயலாது. மழை தொடங்கிவிட்டது. வள்ளத்திலிருந்து இறங்கியவர்கள் முழங்கால் நீரில் நின்றபடியே பிள்ளைகளை எண்ணினார்கள். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் நிறைந்தன. எங்கள் ஊர் மக்கள் அந்த முதல் நாள்களில் செய்ததை யாரும் குறை கூற முடியாது. வீட்டில் இருந்த அரிசியெல்லாம் வீதிக்கு வந்தது. மீனவர் தம் வாடிகளைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வகுப்பறைகளில் மேசைகளை அடுக்கி, இடையே சேலைகளைக் கட்டிக் குடும்பங்களுக்கு இடம் பிரித்தோம். எருக்கலம்பிட்டியார் என்று கேட்டவர்களிடமெல்லாம் அந்த ஆசிரியரைப் பற்றி விசாரித்தோம். ‘இருக்கிறார்’ என்றார்கள், ‘பின்னால் வருகிறார்’ என்றார்கள்.

மூன்றாம் நாள் அவரே வந்தார். ஒல்லியான மனிதர். யாரோ கொடுத்த சாரமும், தோளில் ஈரம் காயாத சட்டையும். ஓய்வறை வாசலில் நின்று, “நான்தான் கறுப்புக் காய்” என்றார். எங்களுக்கு நா எழவில்லை. ஒருவர் நீர் கொண்டுவர ஓடினார். அவர் நீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “உங்கட இருபத்திரண்டாவது வரல்ல.”

நால்வரும் ஒரே நேரத்தில் அதைச் சொல்ல வாயெடுத்தோம். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “சொல்ல வேணாம் மாஸ்டர். அட்டையில எழுதி அனுப்புங்க. வாயால கேட்டா அது தபால் ஆட்டமில்லையே.”

எழுதுவதற்கு நாங்கள் ஆயத்தம். எந்த முகவரிக்கு எழுதுவது? அந்தக் கேள்வியின் முன் அறுவரும் (அவரோடு அவர் மகனும் வந்திருந்தான்) வாயடைத்து நின்றோம். தபாலில் ஆடுவதற்குப் பலகையும் காயும் இல்லாவிட்டாலும் ஒருவாறு சமாளிக்கலாம். ஆட்டம் முழுவதும் அவர் மனத்தில் இருந்தது. முகவரி இல்லாமல் எப்படி ஆடுவது? அதுவரை நாங்கள் முகவரியை அட்டையின் ஒரு மூலையாகவே எண்ணியிருந்தோம். வாக்குரிமை, பங்கீட்டு அட்டை, பாடசாலை அனுமதி, சம்பளம், காணி உறுதி யாவும் அந்த மூலையைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன என்பதை அவரும் அவரைப் போன்ற பல்லாயிரவரும் பின்வந்த ஆண்டுகளில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக் கற்றார்கள். மன்னாரில் பதிந்தவர் புத்தளத்தில் யார்?

டிசம்பரில் அவருடைய குடும்பத்துக்குத் தென்னந்தோட்டம் ஒன்றில் அமைந்த முகாமில் ஓலைக் கொட்டில் கிடைத்தது. எங்கள் பாடசாலையிலிருந்து ஆறு மைல். தோட்ட முகப்பிலிருந்த கடைக்காரர் தமது முகவரியை இரவல் கொடுத்தார். அவ்வாறாக எங்கள் இருபத்திரண்டாம் நகர்த்தல் இரண்டாம் முறை முத்திரை ஒட்டப்பெற்று அவரைச் சேர்ந்தது. மறுமொழியில் அதே சாய்ந்த கையெழுத்து. பச்சை மை இல்லை, பென்சில். ‘இதைத்தான் அனுப்புவீர்கள் என்று ஐந்து மாதமாக எதிர்பார்த்தேன். வெட்டமாட்டேன்.’

ஆறு மைல் தொலைவில் இருப்பவர் நேரில் வந்து ஆடலாமே என்று கேட்டோம். ‘வந்தால் நீங்கள் பலகையைப் பார்க்கமாட்டீர்கள், என்னைப் பார்ப்பீர்கள்’ என்று எழுதினார்.

அதன் பின்னர் நடந்தவற்றுள் எங்களுக்குப் பெருமை தராத பகுதியும் உண்டு. முதல் மாதத்தின் அரிசி இரண்டாம் மாதத்தில் குறைந்தது. ஆறாம் மாதத்தில் முணுமுணுப்பாயிற்று. கிணற்று நீருக்குச் சண்டை. விறகுக்குச் சண்டை. பாடசாலை காலையில் எங்கள் பிள்ளைகளுக்கும் மாலையில் அவர்கள் பிள்ளைகளுக்கும் என இரு நேரமாயிற்று. எருக்கலம்பிட்டியார் மாலைப் பாடசாலையில் மரத்தடியில் கணிதம் கற்பித்தார். ‘நம் பிள்ளைகளின் கதிரை’ என்ற சொல் எங்கள் ஓய்வறையிலேயே ஒலித்தது. சொன்னவர் எங்கள் நால்வருள் ஒருவர். அவர் நான்கு மாதம் பலகையின் பக்கம் வரவில்லை. அவரை இங்கே குற்றவாளியாக நிறுத்தி நாங்கள் தப்பிக்கொள்ள முடியாது. காரணம் அடுத்து வருகிறது.

எங்களுள் இருவரின் குடும்பங்களுக்கு வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும் உண்டு. அகதிகள் வந்த பின் தோட்டக் கூலி சரிந்தது. பசியோடு நிற்பவன் பாதிக் கூலிக்கும் வருவான். அதனால் உள்ளூர்க் கூலியாளன் வேலை இழந்தான். இழந்தவன் அகதியை வெறுத்தான். அகதியோ பாதிக் கூலியில் அரை வயிறு உண்டான். இருவரும் ஒருவரையொருவர் முறைத்து நின்ற வேளையில் இலாபம் வரப்பின்மேல் குடை பிடித்து நின்றவருக்குச் சேர்ந்தது. வகுப்பறையில் சுரண்டல் என்ற சொல்லை உரத்துச் சொல்லிக் கொடுத்த நாங்கள், எங்கள் தமையன்மாரின் வரப்பில் அதைக் காணாதிருந்தோம். 1991இல் ஒரு நாள் அட்டை வந்தது. எண்ணுக்குக் கீழே வழக்கம்போல ஒரு வரி: ‘இவ்வாரம் என் மகன் உங்கள் வீட்டார் தோட்டத்தில் கொத்தினான். கூலி பாதி.’ அவ்வளவே. கோபச் சொல் ஒன்றுகூட இல்லை. தபாற்காரர் அன்று எண்ணைக் கூவவில்லை. இறங்கி வந்து அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுமொழியை எழுத நாங்கள் எடுத்துக்கொண்ட பதினேழு நாளும் பலகையைப் பற்றியவையல்ல. எங்களுள் ஒருவர் தமையனோடு பேசினார். பெருஞ் சச்சரவுக்குப் பின் அத்தோட்டத்தில் முழுக்கூலி கொடுக்கப்பட்டது, ஓர் அறுவடை மட்டும். அடுத்த போகத்தில் மீண்டும் பழைய கதை. பேசியவர் அன்று முதல் அவ்வீட்டில் சோறுண்பதில்லை; தமையனும் அழைப்பதில்லை. கதிரையைப் பற்றிச் சொன்ன நண்பர் அந்த அட்டையைப் படித்த மறுநாள் பலகைக்குத் திரும்பி வந்தார். காரணம் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆட்டத்தின் மிகுதி விரைவிற் சொல்லி முடிக்கத்தக்கது. எங்கள் தாக்குதல் வெறும் ஆரவாரம். அவர் குதிரையை வெட்டாமல் அரசனை ஓரமாக ஒதுக்கி, ஒவ்வொரு காயாக மாற்றி, இறுதியில் எங்களைவிட ஒரு காலாள் மிகுதியாக வைத்துக்கொண்டார். அந்த ஒற்றைக் காலாள் நடந்தது. 1993இன் தொடக்கத்தில், நாற்பத்தோராம் நகர்த்தலில், தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதினோம். உடப்பு நண்பர் மட்டும் கையொப்பமிட ஒரு வாரம் பிடித்தது. மறுமொழியாக ஓர் உறையில் நான்கு தாள் வந்தது. முப்பத்து நான்காம் நகர்த்தலில் நாங்கள் ஆட்டத்தைச் சமநிலையாக்கியிருக்க முடியும் என்பதற்கு முழு நிரூபணம். மாலைப் பாடசாலைப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களின் பின்புறத்தில் எழுதியிருந்தார்.

எங்கள் ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம் இன்னோர் ஆட்டமும் நினைவுக்கு வரும். 1987இல் தொடங்கிய பத்தாவது தபாற் சதுரங்க ஒலிம்பியாட்டின் இறுதிச்சுற்று 1995இல்தான் முடிந்தது. முதலிடம் சோவியத் ஒன்றியத்துக்கு. மூன்றாமிடம் கிழக்கு ஜெர்மனிக்கு. கிழக்கு ஜெர்மனி 1990இலும் சோவியத் ஒன்றியம் 1991இலும் இல்லாதுபோயின. நாடுகள் மறைந்த பின்னும் அவற்றின் பெயரால் அட்டைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கின்றன. அந்நாடுகளைப் பற்றி இவ்வேட்டின் வாசகர்களிடையே பல கருத்துகள் இருக்கலாம், எங்களிடையேயும் உண்டு. ஆயினும் கொடியிறக்கப்பட்ட பின்பும், தொடங்கிய ஆட்டத்தை யாரோ ஒருவர் தம் வீட்டு மேசையில் இருந்து முடித்து அனுப்பியிருக்கிறார் என்பதை அறிந்தபோது, கடை முகப்பு முகவரியிலிருந்து வந்த பென்சில் எழுத்துகளே எங்கள் கண்முன் நின்றன.

இன்று உலகத் தபாற் சதுரங்கம் பெயரளவிலேயே தபால். கணினி வழியே ஆடுகிறார்கள். எந்திரத்தின் ஆலோசனையைப் பெறுவதற்கும் அங்கே அனுமதி உண்டு. எந்திரமும் எந்திரமும் மோதுவதால் பெரும்பாலான ஆட்டங்கள் சமநிலையில் முடிகின்றன. அதைப் பழிப்பதற்கு நாங்கள் யார்? 5161 என்று எழுத எந்திரத்துக்கு வராது. அதை 5171 என்று கொள்ளவும் வராது.

2009இல் போர் முடிந்தது. முன்னரே ஊருக்குத் திரும்பியவர் சிலர். போருக்குப் பின் போனவர் பலர். வீட்டின் இடத்தில் காட்டைக் கண்டு மீண்டும் புத்தளத்துக்கே வந்தவரும் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வடக்கு என்பது தாய் தந்தையர் சொல்லும் கதை. எருக்கலம்பிட்டியாரும் மனைவியும் 2010இல் போனார்கள். மகன் இங்கேயே தங்கிவிட்டான். அவனுக்குச் சொந்தமாகச் சிறு தோட்டம் இருக்கிறது.

அவ்வாண்டின் இறுதியில் ஓர் அட்டை வந்தது. மன்னார் முத்திரை. அனுப்புநர் இடத்தில் 1988இல் இருந்த அதே முகவரி, பச்சை மையில். கீழே 5254. இம்முறை வெள்ளைக் காய் அவருடையது. ஒரு வரிக் குறிப்பில் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தார்; தூர்ந்துபோனதை மீண்டும் தோண்டியிருக்கிறார்கள், நீர் முன்போலவே உப்பு.

எங்களுள் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். எஞ்சிய மூவரும் ஓய்வூதியக்காரர்கள். பலகையை இறக்கித் தூசி தட்டி, சங்கை இம்முறை கறுப்பின் மூலையில் வைத்தோம். வெண்மையான சங்கு கறுப்பு அணியில் நிற்பது பொருந்தாதென்று உடப்பு நண்பர் அதற்கு மை பூசினார். பின்னர் வாதம் தொடங்கிற்று. அரசனின் காலாளை நேருக்கு நேர் நிறுத்தும் 5755 என்பது இருவரின் கருத்து. பக்கத்திலிருந்து தாக்கும் 3735 என்றார் உடப்பு நண்பர், அவர் மாறவேயில்லை. பேரன் ஒருவன் கைத்தொலைபேசியை நீட்டி, எது சிறந்ததென்று ஒரு நொடியில் அதிலேயே பார்த்துவிடலாம் என்றான். அவனை வெளியே அனுப்பினோம். அன்று போயா தினமாதலால் தபாற் கந்தோர் பூட்டியிருந்தது; வாதிடுவதற்கு மறுநாள் காலைவரை நேரம் இருந்தது.